வகைமாதிரிகளைத் தடை செய்யாதீர்கள்: கல்லூரிக் களம் அமைக்கும் நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரியையும் அகாடமியையும் கதைக்களமாகக் கொண்டு ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கூடிக் கதை வளர்க்கும் ஆட்டம்) நடத்தும் நெறியாளர்களுக்கு,

வணக்கம். புதிய ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது நீங்கள் வெளியிடும் அறிவிப்புகளில் ஒரு நிபந்தனை அடிக்கடி என் கண்ணில் படுகிறது. முதல் மதிப்பெண் எடுக்கும் கண்டிப்பான மாணவர் தலைவி, ஆண்டின் நடுவில் வந்து சேரும் மர்மமான புதுமுகம், உதவித்தொகையில் படிக்கும் ஏழை மேதை, எந்நேரமும் நூலகத்தில் கிடப்பவர், விதிகளை மதிக்காத முரடர் ஆகிய வகைமாதிரிகளை, அதாவது எல்லோருக்கும் பழகிப்போன பாத்திர வார்ப்புகளை, எழுதிக்கொண்டு வர வேண்டாம், அலுத்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் அலுப்பு நியாயமானதுதான். ஒரே ஆட்டத்தில் மூன்று மர்மப் புதுமுகங்கள் வந்து மூவரும் ஜன்னலோர இருக்கைக்குப் போட்டியிட்டால் யாருக்கும் சலிக்கும். ஆயினும் அந்த நிபந்தனையை நீக்கிவிடுமாறு கேட்கவே இதை எழுதுகிறேன். அந்தப் பாத்திரங்கள் சேர்ந்திருக்கும் கல்லூரியில் படிப்பு என்று ஒன்று நடப்பதே இல்லை. சலிப்பு அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

நாவலாசிரியருக்கு ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்த முப்பது பக்கம் கிடைக்கும், படிப்பவரும் பொறுத்துக்கொள்வார். முன்பின் அறியாத ஆறு பேர் கூடி உருவாக்கும் கதையில் அந்தச் சலுகை கிடையாது. முதல் அமர்வின் முதல் அரைமணிக்குள் யாரிடம் எதைப் பேசலாம் என்று எல்லோருக்கும் பிடிபட்டாக வேண்டும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தில் போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என்ற பிரிவுகள் இந்த வேலையைத்தான் செய்தன. கல்லூரிக் களத்தில் அதே வேலையை வகைமாதிரிகள் செய்கின்றன. ஒருவர் தன் கேரக்டர் ஷீட்டில் (பாத்திரக் குறிப்புத் தாளில்) மாணவர் தலைவி என்று எழுதிய மாத்திரத்தில் மற்ற ஐவருக்கும் வழி திறந்துவிடுகிறது: அவரிடம் அனுமதிக் கடிதத்தோடு போகலாம், அவர் கண்முன்னே விதியை மீறலாம், அவர் ஒரு பாடத்தில் தோற்றதை அறிந்த ஒரே ஆளாக இருக்கலாம். அரச வம்சங்களின் வரலாற்றையோ வேற்றுக் கோளின் வரைபடத்தையோ மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையும் இல்லை.

வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்கள் மாலையில் மறுபடி மாணவர்களாக விரும்புவது ஏன் என்றும் யோசித்துப் பார்க்கலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே நமக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டு, அதை உதறுவதற்கு மூன்று நான்கு ஆண்டு அவகாசமும் தரப்படும் இடம் கல்லூரியைத் தவிர வேறெதுவும் அநேகமாக இல்லை. 2016-இல் வந்த மாஸ்க்ஸ் என்ற ஆட்டம் பதின்ம வயது சூப்பர்ஹீரோக்களைப் பற்றியது. இந்த உண்மையை அது விதியாகவே ஆக்கியிருக்கிறது. அதில் ஒரு பாத்திரத்தின் திறன்கள் வலிமை, அறிவு என்று அளக்கப்படுவதில்லை. ஆபத்தானவர், விசித்திரமானவர், காப்பவர், உயர்ந்தவர், சாதாரணமானவர் என்ற ஐந்து முத்திரைகளே அங்கு எண்கள். பெரியவர் ஒருவர் வந்து நீ யார் என்று அழுத்திச் சொன்னால் ஒரு முத்திரை ஏறி இன்னொன்று இறங்கும். ஏற்க மறுக்கலாம், ஆனால் அதற்கும் பகடை உருட்டித்தான் ஆக வேண்டும். முரடர், வாரிசு, சீடர் போன்ற வகைமாதிரிகளை அந்த ஆட்டம் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெயருக்கும் ஆளுக்கும் நடக்கும் இழுபறியைக் கதையாக்குகிறது.

கணினி விளையாட்டில் இதற்கு இணையாக நான் கருதுவது 2006-இல் வந்த பெர்சோனா 3. அதில் நாயகனின் தோழமைகள் ஒவ்வொன்றும் குறிசொல்லப் பயன்படும் ஒரு டாரட் சீட்டுக்கு உரியவை. வகைமாதிரி என்பதை அதைவிட அப்பட்டமாகச் சொல்ல முடியாது. ரதம் என்ற சீட்டுக்குரியவன் விளையாட்டு அணியில் இருக்கும் மியாமோட்டோ கசுஷி. எதற்கும் பின்வாங்காத விளையாட்டு வீரன் என்ற, நாம் ஆயிரம் முறை பார்த்த வார்ப்பு. உறவு பத்துப் படிகளில் முதிர முதிர, அவன் முழங்கால் காயத்தை மறைத்துக்கொண்டு ஓடுவதும், நிறுத்தச் சொல்பவர்களைத் தட்டிக்கழிப்பதும், அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் உறவுக்காரச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்த ஒரு வாக்கு இருப்பதும் தெரியவருகின்றன. இத்தனைக்கும் பின்னணியில் நாட்காட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று மாலை இவனோடு போனால் இன்னொருவரோடு போக முடியாது. தேர்வுத் தேதி யாருக்காகவும் நகராது. அந்த நெருக்கடி இல்லாதிருந்தால் கசுஷி வெறும் விளையாட்டு வீரனாகவே நின்றிருப்பான் என்பது என் துணிபு.

உங்கள் களங்களில் எனக்குக் குறையாகப் படுவது இந்த நாட்காட்டிதான். கோபுரங்கள் உண்டு, விடுதிச் சின்னங்கள் உண்டு, சீருடையின் பொத்தான் வரை வர்ணனை உண்டு. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை முதல் வகுப்பு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. 2021-இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸுக்காக வெளிவந்த ஸ்டிரிக்ஸ்ஹேவன் என்ற மாயக் கல்லூரிக் கள நூலில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு என்றாலும், தேர்வை அது விளையாடத்தக்க பொருளாக்கியதை மெச்சியே ஆக வேண்டும். படிக்கும் கட்டத்தில் வென்றவர் தேர்வெழுதும் கட்டத்தில் பகடையை மறுபடி உருட்டலாம் என்ற எளிய விதி போதும். நூலகவாசியின் அறைக் கதவை முரடர் நள்ளிரவில் தட்டுவதற்கு ஒரு காரணம் பிறந்துவிடுகிறது. போலந்தின் சோஹா கோட்டையில் 2014 நவம்பரில் தொடங்கிய காலேஜ் ஆஃப் விசார்ட்ரி என்ற, வேடமிட்டு நேரில் நடித்து ஆடும் ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பங்கேற்பாளர்களே பேராசிரியர்களாக நின்று பாடம் எடுத்தார்கள், மாணவர்களாக வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். வகுப்பு நடந்தால்தானே வகுப்பைக் கட் அடிக்க முடியும்?

தமிழில் ஆடும் நம் குழுக்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கில உறைவிடப் பள்ளியின் விடுதிகளுக்கிடையிலான போட்டிக் கோப்பைகளையும் ஜப்பானியப் பள்ளியின் மொட்டை மாடியையும் கடன் வாங்கியிருக்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் நம் பொறியியல் கல்லூரிகளில் தாமாகவே விளைந்த வகைமாதிரிகள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. அரியர் பேப்பர்களை எண்ணிச் சொல்லக் கூசாத இறுதியாண்டு அண்ணன், வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனதால் ஹெச்.ஓ.டி. அறைக்கு வெளியே அப்பாவோடு நிற்பவர், கல்ச்சுரல்ஸ் நாட்களில் மட்டும் கல்லூரியில் தென்படுபவர், கடைசிப் பேருந்துக்காக எந்தக் கதையிலிருந்தும் பாதியில் எழுந்து ஓட வேண்டிய டே ஸ்காலர் ஆகியோருக்கு எந்தக் களத்திலும் இடம் வைக்கப்படவில்லை. அடாவடி சீனியரை எழுதும்போது மட்டும் நிதானம் தேவை. ராகிங்கைத் தடை செய்ய 1997-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்த மாநிலம் நம்முடையது. அந்தப் பாத்திரத்தை வேடிக்கையாக ஆடத் தொடங்கும் முன், கூட ஆடுபவர்களிடம் சம்மதம் கேட்டுவிட வேண்டும். காதல் கதை வரும் ஆட்டங்களில் பாத்திரங்களும் ஆடுபவர்களும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதை நான் தனியே வலியுறுத்த வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

ஆகவே அடுத்த அறிவிப்பில் தடைப் பட்டியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கால அட்டவணையையும் பருவத் தேர்வுத் தேதிகளையும் அச்சிடுங்கள். விண்ணப்பிப்பவர்களிடம் உங்கள் பாத்திரம் எந்த விதத்தில் புதுமையானது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் அவருக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அதில் எந்தப் பாதி பொய் என்று கேளுங்கள். ஒரே வகைமாதிரியை மூவர் கேட்டால் மூவரையும் ஒரே அறையில் தங்க வைத்துப் பாருங்கள். மூன்று மர்மப் புதுமுகங்களுக்கும் சேர்த்து ஒரே அலமாரிச் சாவியைக் கொடுத்தால் முதல் அமர்வுக்குத் தேவையான சண்டை அதிலேயே கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களில் பங்கேற்கும் ஒருவர்