தடை வேண்டாம், அளவு சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எடைக் குறைப்பு பற்றி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளில் 'தொடவே கூடாதவை' என்றொரு பட்டியல் தவறாமல் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பீனட் பட்டர் என்றால் எனக்கு உயிர். எடை குறைத்துவரும் இந்த மாதங்களிலும் அதை விடவில்லை, அளந்து சாப்பிடுகிறேன்.

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. புரதத்திலும் மாவுச்சத்திலும் 4 தான். அதனால்தான் பீனட் பட்டர் 100 கிராமுக்கு 600 கலோரியை நெருங்குகிறது. ஆனால் கத்தியால் வழித்துச் சமன் செய்த ஒரு மேசைக்கரண்டி சுமார் 16 கிராம், 95 கலோரி. அதையே குவித்து எடுத்தால் இரண்டு மடங்குகூட ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. டப்பாவை டிஜிட்டல் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு அள்ளினால், எத்தனை கிராம் குறைந்தது என்று அதுவே காட்டிவிடும். அதைத் தட்டில் வைத்து, ஆப்பிள் துண்டுகளோடு, சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுவேன். டப்பாவும் கையுமாக உட்காருவதில்லை. அந்த 95 கலோரியை அன்றைய கணக்கில் முதலில் எழுதிவிட்டு, அப்புறம்தான் மற்றதைத் திட்டமிடுகிறேன்.

ஒவ்வாமை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கட்டும், சரி. மற்றவர்களுக்காகவாவது தடைப் பட்டியலை நிறுத்திவிட்டு, ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம், எத்தனை கலோரி என்று அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி