அம்மாவை எழுந்து நடக்க வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் அம்மாவுக்கு வயது 78. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் சுளீர் என்றது. கீழே விழக்கூட இல்லை. முதலில் போன இடத்தில், 'வயசானா வலிக்கத்தான் செய்யும்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படுக்கையில் புரளும்போதெல்லாம் அம்மா அலறுவதைக் கேட்டு, 'இது வெறும் பிடிப்பு இல்லை, எலும்பைப் பாருங்க' என்றவர் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா. முதல் நன்றி அவருக்குத்தான்.

அடுத்து 108 தம்பிகளுக்கு. குறுகலான மாடிப்படியில் முதுகு அசையாமல் பலகையில் கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் 'பாட்டி, இப்ப சாய்க்கப்போறோம்' என்று சொல்லிவிட்டே சாய்த்தார்கள்.

முதுகெலும்பு டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எல்1 எனும், இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதல் எலும்பு முன்பக்கம் அமுங்கியிருப்பதை எக்ஸ்ரேயில் காட்டினார்; அது புது முறிவுதான் என்பதை எம்ஆர்ஐயில் உறுதி செய்தார். காரணம் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய். உடைந்த எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் சிகிச்சையை உடனே செய்யச் சொல்லி நாங்கள் அவசரப்பட்டோம், அவர் படவில்லை. பலருக்கு மருந்தும் பெல்ட்டும் போதும், சில வாரங்களில் வலி அடங்கிவிடும் என்றார். 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் செலுத்தப்பட்ட நோயாளிகளுக்கும் செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்ட நோயாளிகளுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது என்பதையும், சிமெண்ட் கசிந்தால் நரம்புக்கோ நுரையீரலுக்கோ ஆபத்து வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மருந்துக்கும் வலி அடங்காமல், அம்மாவால் உட்காரவே முடியாது என்றான பிறகுதான் சிகிச்சைக்கு நாள் குறித்தார். இந்த நேர்மைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே இரண்டு பக்கமும் ஊசிக்குழாய் இறக்கினார்களாம். சின்ன பலூனை ஊதி இடம் உண்டாக்கி, பற்பசைப் பதத்தில் இருக்கும் எலும்பு சிமெண்டை அதில் நிரப்பினார்கள். அது நிமிடங்களில் இறுகிவிடும். அவ்வளவு நேரமும் அம்மாவின் கையைப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த தியேட்டர் சிஸ்டருக்கு என் வணக்கம். வெளியே வந்தபோது முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்திரிகள்தான். அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டு நடந்தார். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் அந்த அலறல் நின்றது.

அப்புறம் பிசியோதெரபி தங்கை. ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்பும் வித்தையை அம்மாவுக்கு அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். இன்றும் அம்மா அப்படித்தான் எழுகிறார்.

உடைந்த எலும்புக்குத்தான் சிமெண்ட், மற்ற எலும்புகளையும் காப்பாற்ற வேண்டும் என்று எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டியையும் சோதித்து, வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியை ஆரம்பித்திருக்கிறார்கள். அடுத்த ஊசிக்கு வரும்போது வார்டில் எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்கிறார் அம்மா. அவர் கையால் செய்த முறுக்கோடு வருகிறோம்.