ஸ்டில்ட் பார்க்கிங் தரைக்கு க்ளியர் கோட் போடணும், எல்லாரும் கொஞ்சம் கை குடுங்க

எல்லா ஃப்ளாட்காரங்களுக்கும் வணக்கம், ஓனர்ஸ் வாடகைக்காரங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதறோம். கமிட்டி மீட்டிங்ல பேசி முடிவான விஷயம், வந்தவங்களே பாதிப் பேர்தான், அதனால விவரமா போடறோம், பொறுமையா படிச்சிடுங்க.

கீழ பார்க்கிங்ல பில்டர் போட்டுக் குடுத்த எபாக்சி தரை, அதாவது சிமெண்ட் மேல பூசின சாம்பல் கலர் ரெசின் பூச்சு, இப்ப எந்த லட்சணத்துல இருக்குன்னு தெனம் பாத்துட்டுதான் போறீங்க. மேற்குப் பக்கம் சாயங்கால வெயில் நேரா விழற ஸ்லாட்டெல்லாம் மஞ்சளாயிடுச்சு, வெயில் பட்டா எபாக்சி அப்படித்தான் ஆகும், கூட்டிப் பெருக்கற அம்மா மேல தப்பே இல்ல. கார் நிக்கற எடத்துல நாலு டயருக்கும் நாலு திட்டு. சித்திரை வெயில்ல ஓடிட்டு வந்த சூட்டோட டயர் நிக்கும்போது கீழ இருக்கற கோட்டிங் இளகும், டயர் ஆறும்போது அதைப் பிடிச்சு இழுக்கும், மறுநாள் காரை எடுத்தா கொஞ்சம் கூடவே வரும். ராம்ப் பக்கத்துல ரெண்டு மூணு எடத்துல சிமெண்டே தெரியுது, மழைக்கு அங்க வண்டி வழுக்கினதும் ஞாபகம் இருக்கும்.

ஆனா நல்ல சேதி என்னன்னா பெரும்பாலான எடத்துல தேஞ்சது மேல இருக்கற பளபளப்பு மட்டும்தான், சாம்பல் கலர் இன்னும் தரையோட இறுக்கமாத்தான் ஒட்டிட்டிருக்கு, சாவிய வெச்சு சுரண்டிப் பாத்தோம், பொடியா வரலை, உரியலை. இந்த நிலைமைல சேண்டிங் பண்ணி, அதாவது உப்புத்தாள்ல தேச்சு, மேல பாலியூரிதேன் க்ளியர் கோட்னு சொல்ற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சை ரெண்டு தடவை ரோலர்ல உருட்டினா போதும். இன்னும் ரெண்டு மூணு மழை தாண்டினா சிமெண்ட் தெரியற எடம் பெருசாகி தண்ணி அடில போயி கலரையும் தூக்கும், அப்புறம் மொத்தத்தையும் மெஷின்ல அரைச்சு எடுத்துட்டு மொதல்ல இருந்து எபாக்சி போடணும், அந்தச் செலவை இப்ப பேசவே வேணாம்.

விலை கேட்டதுல ரொம்பக் கம்மியா சொன்ன ஒருத்தரை வேணாம்னுட்டோம், ஏன்னு சில பேர் கேட்டாங்க. அவர் சோப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டு நேரா க்ளியர் உருட்டிடலாம்னார். பழைய எபாக்சி வழவழன்னு இருக்கும்போது மேல எது போட்டாலும் பிடிமானம் கிடையாது, ஆறு மாசத்துல வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வரும். 100, 120 நம்பர் பேப்பர் போட்டு மினுமினுப்பு ஒரு இஞ்சு எடத்துலயும் மிச்சமில்லாம தேய்க்கணும், தூசிய வேக்குவம்ல இழுக்கணும், அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கற சால்வென்ட்ல தொடைக்கணும். நாம குடுக்கற காசுல பெரும்பங்கு இந்த வேலைக்குத்தான், டப்பால வர்ற க்ளியருக்கு இல்ல. இன்னொண்ணு, க்ளியர் கோட்டும் எபாக்சியா இருந்தா திரும்ப மஞ்சளாகும், அதனால வெயிலுக்கு மஞ்சளாகாத அலிஃபேட்டிக் வகை பாலியூரிதேன்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்கியிருக்கோம்.

முன்கூட்டியே ஒண்ணு சொல்லிடறோம், க்ளியர் கோட் எதையும் மறைக்காது. டயர் விட்ட பழுப்புக் கறை சிலது தேச்சாலும் போகாது, சிமெண்ட் தெரியற எடத்துல புதுசா போடற சாம்பலும் பழைய சாம்பலும் ஒரே மாதிரி இருக்காது. புதுத் தரை கேட்டவங்க அப்புறம் எங்களைத் திட்டக்கூடாது.

இப்ப கணக்கு. மொத்தம் 3,600 சதுர அடி, சேண்டிங்கும் ரெண்டு கோட்டும் சேத்து சதுர அடிக்கு 48 ரூபா, அது 1,72,800. பேட்ச் வேலையும் ராம்ப்ல வழுக்காம இருக்க தூவற அலுமினியம் ஆக்சைடு பொடியும் 22,000. ஆக 1,94,800. கமிட்டி கைல 60,000 இருக்கு, மிச்சம் கிட்டத்தட்ட 1,35,000 வேணும். 18 ஃப்ளாட்டுக்குப் பிரிச்சா 7,500 வரும்.

மெயின்டனன்ஸ்ல எடுக்கலாமேன்னா இந்த வருஷம் லிஃப்ட் ரோப்பும் சம்ப் மோட்டாரும் அதைச் சாப்பிட்டாச்சு. எல்லாரும் கட்டாயம் கட்டணும்னு போடலாம்னா, கார் இல்லாதவங்க நாங்க ஏன் குடுக்கணும்னு கேட்டாங்க, அது நியாயமான கேள்விதான், அதனாலதான் நன்கொடையா கேக்கறோம். ஆனாலும் ஒண்ணு யோசிங்க. இந்தத் தரை காருக்கு மட்டுமா இருக்கு? பொங்கல் பானை வெக்கறது இங்க, பசங்க ஷட்டில் ஆடறது இங்க, பர்த்டேக்கு சேர் போடறது இங்க, யாராவது தவறிட்டா ஃப்ரீசர் பெட்டி எறக்கி ராத்திரி பூரா எல்லாரும் உக்காந்திருக்கறதும் இங்கதான், மண்டபம்னு தனியா நமக்கு ஒண்ணும் கிடையாது. 7,500ங்கறது ஒரு கணக்குக்குச் சொன்னது, பென்ஷன்ல இருக்கற பெரியவங்க முடிஞ்சதைக் குடுங்க, ரெண்டு கார் வெச்சிருக்கறவங்க கொஞ்சம் கூடக் குடுத்தா நல்லாருக்கும், வாடகைக்கு இருக்கறவங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல. குடுத்தவங்க பேர் மட்டும் போர்டுல போடுவோம், தொகை போட மாட்டோம். பில்லு எல்லாம் அப்படியே ஒட்டுவோம்.

வேலை மாசி மொதல் வாரம். அப்ப மழையும் கிடையாது, ஐப்பசி கார்த்திகை மாதிரி ஈரக்காத்தும் கிடையாது. காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தாலோ தரை வேர்த்திருந்தாலோ அன்னிக்கு உருட்டறது கிடையாதுன்னு பேசியாச்சு, அதனால ஒரு நாள் தள்ளிப்போனா கோவிச்சுக்காதீங்க. பாதி பாதியா பண்றோம். கோட் போட்ட மறுநாள் நடக்கலாம், கார் அஞ்சு நாளைக்கு அப்புறம்தான், அதுக்கு மேலயும் ஒரு வாரத்துக்கு நின்ன எடத்துல ஸ்டியரிங்கைத் திருப்பாதீங்க. அதுவரைக்கும் பின் தெரு காலி மனைல வண்டி விட ஓனர் சரின்னுட்டார், வாட்ச்மேன் ராத்திரி ஒரு நடை பாத்துக்குவார். வாடை இருக்கும், ஆஸ்துமா இருக்கறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல இருந்தா முன்னாடியே சொல்லுங்க, அந்த ரெண்டு நாளுக்கு மேல் மாடில யார் வீட்லயாவது இருக்க ஏற்பாடு பண்ணலாம்.

லிஃப்ட் முன்னாடி பெயின்ட்ல போட்ட கோலம் போயிடும் மாமி, மன்னிச்சுக்கோங்க, அது மேலயே க்ளியர் உருட்டினா சுருங்கிக்கும்ங்கறாங்க, புதுத் தரைல நீங்களே மறுபடி போட்டுக் குடுங்க. இன்னிலேர்ந்து யாரும் பார்க்கிங்ல வெச்சு டயர் பாலிஷ் அடிக்காதீங்க, அதுல இருக்கற சிலிகான் தரைல பட்டா அந்த எடத்துல கோட்டிங் ஒட்டாம குழி குழியா விலகிடும்.

பணம் அசோசியேஷன் அக்கவுன்ட்டுக்குத்தான், க்யூஆர் கோடு லிஃப்ட் பக்கத்து போர்டுல இருக்கு, கேஷா குடுக்கறவங்க ட்ரெஷரர் கிட்ட குடுத்துட்டு கையோட ரசீது வாங்கிக்கோங்க. தை 20க்குள்ள வந்தாத்தான் அட்வான்ஸ் குடுத்து தேதிய உறுதி பண்ண முடியும்.