பெட்டிப் படம் போதாது, ட்ராக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சின்ன அளவில் ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் டாங்கி மாடல் கிட்களைப் பற்றி வந்த கட்டுரை, ‘நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள்’ என்று முடிந்திருந்தது. 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவில், அந்த யோசனை பாதி வழிக்குத்தான் உதவும். பழைய அச்சும் (பிளாஸ்டிக்கை வார்க்கும் மோல்டு) புதிய அச்சும் ஒரே கம்பெனியின் பெயரில், ஒரே மாதிரிப் பளபளப்பான பெட்டியில் வருகின்றன. இத்தாலேரி விற்கும் 1/72 டாங்கிகளில் பல, எஸ்கி கம்பெனி வெட்டிய பழைய அச்சுகள். மேட்ச்பாக்ஸின் 1/76 டாங்கிகள் பிற்பாடு ரெவெல் பெட்டியில் வந்தன. அதே ரெவெல் தானே வெட்டிய 1/72 பாந்தர், லெப்பர்ட்-2 கிட்கள் வேறு தரம். பெயரை நம்பி எடுப்பவர் கைக்கு இரண்டில் எதுவும் வரலாம். பல கிட்களில் உடலின் அடிப்பக்கத்திலோ, பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தின் ஓரப் பட்டையிலோ ஒரு வருடம் பொறித்திருக்கும். பெட்டியில் உள்ள வருடத்தைவிட அதற்கே மதிப்பு அதிகம்.

முதலில் அளவு. 1/72 என்பது ஆறடிக்கு ஓர் அங்குலம். 1/76 என்பது ‘ஓஓ’ எனப்படும் அளவு ரயில் மாடல்களிலிருந்து வந்தது, அடிக்கு 4 மில்லிமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்பவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். டைகர்-1 டாங்கியின் உடல், பீரங்கிக் குழல் நீங்கலாக, 6.3 மீட்டர் நீளம். 1/72இல் அது 88 மி.மீ., 1/76இல் 83 மி.மீ. அலமாரியில் அந்த 5 மி.மீ. கண்ணை உறுத்தும். வாங்குமுன் பெட்டியைத் திறக்க முடிந்தால் ஒரு ஸ்கேலை உடல்மேல் வைத்து, வந்த எண்ணை 72ஆல் பெருக்கி, நிஜ வண்டியின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஏர்ஃபிக்ஸ், ஃபுஜிமி, மேட்ச்பாக்ஸ் டாங்கிகள் 1/76. அவற்றை அவற்றோடு மட்டும் சேர்த்து வையுங்கள். மேட்ச்பாக்ஸ் கிட்டோடு வரும் சின்னஞ்சிறு போர்க்களத் தளம், அச்சு பழையதானாலும், இன்றைக்கும் கட்ட இன்பமானது.

அடுத்தது ட்ராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. சின்ன அளவு டாங்கி நிற்பதும் விழுவதும் இதில்தான். கட்டுரை இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பழைய கிட்களில் வருவது ரப்பர் போன்ற வினைல் பட்டை. சாதாரண பிளாஸ்டிக் பசை அதில் பிடிக்காது. பட்டை எப்போதும் இழுவிசையில் இருப்பதால் முன்னும் பின்னும் உள்ள சக்கரங்களின் அச்சு உள்பக்கம் சாயும், சில மாதம் கழித்து ஒட்டு விட்டுப்போகும். சில பட்டைகளிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தையே உருக்கிவிடும். இவற்றைவிடக் கண்ணுக்குத் தெரியும் குறை ஒன்று உண்டு. டி-34, டைகர், பாந்தர் ஆகிய டாங்கிகளுக்கு ட்ராக்கின் மேல்பகுதியைத் தாங்கும் மேல் உருளைகள் கிடையாது. நிஜ வண்டியில் டன் கணக்கில் எடையுள்ள எஃகு ட்ராக், தொய்ந்து, தரையில் உருளும் ஓட்டச் சக்கரங்களின் தலைமேல் படிந்து கிடக்கும். வினைல் பட்டையோ துணி உலர்த்தும் கயிறு மாதிரி நேராக நிற்கும். அந்த ஒரு கோடு போதும், மீதி எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் பொம்மை ஆகிவிடும். வினைல்தான் கிடைத்தது என்றால், சக்கரத்தின் தலையில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்து, பட்டையை மரக்குச்சியால் அழுத்தி, பிடிக்கும்வரை விடாதீர்கள். ஒரு சக்கரம் முடிந்த பிறகே அடுத்தது. ஷெர்மனுக்கு மேல் உருளைகள் உண்டு, அதனால் அதில் இந்தக் குறை அவ்வளவு தெரியாது.

டிராகன் கம்பெனி கிட்கள் பலவற்றில் வருவதும் மென்மையான பட்டைதான், ஆனால் பிளாஸ்டிக் பசையிலேயே ஒட்டும். நல்ல முன்னேற்றம், தொய்வை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் சிறந்தது, நீளத் துண்டுகளும் தனிக் கண்ணிகளுமாகப் பிரித்து வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக் ட்ராக். மேலேயும் கீழேயும் நீளத் துண்டு, பல்சக்கரத்தையும் (ட்ராக்கை இழுக்கும் சக்கரம்) ஐட்லரையும் (மறுமுனையில் ட்ராக்கைத் திருப்பிவிடும் சக்கரம்) சுற்றித் தனிக் கண்ணிகள். தொய்வை அச்சிலேயே வார்த்திருப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வரிசை மாறக் கூடாது. சக்கரங்களை முதலில் ஒட்டி, உடலைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஐட்லரை மட்டும் ஒட்டாமல் திருகும்படி விடுங்கள். கண்ணிகளை மெதுவாக உலரும் பசையால் சேர்த்து, இளகிய நிலையிலேயே சுற்றிவிட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். கடைசிக் கண்ணி இடிக்கும், அல்லது அரைக் கண்ணி இடைவெளி விழும். நிஜ வண்டியில் ஐட்லரை நகர்த்தித்தான் ட்ராக்கை இறுக்குகிறார்கள், இங்கேயும் அதையே செய்யுங்கள். டைகரின் ஒரு கண்ணி 130 மி.மீ. நீளம், பக்கத்துக்கு 96 கண்ணி. 1/72இல் ஒன்று 1.8 மி.மீ.தான். அதில் மூன்றிலொரு பங்கு இடைவெளியை மட்கார்டுக்குக் கீழே ஒளித்துவிடலாம். ஒரு பக்கம் சரியாக வந்து மறுபக்கம் ஒரு கண்ணி மிஞ்சினால், குற்றம் ட்ராக்கில் இல்லை, உடலைக் கோணலாக ஒட்டியிருக்கிறீர்கள். அதனாலேயே, உடலின் கீழ்ப்பகுதி தொட்டி போல ஒரே வார்ப்பாக வரும் கிட், ஐந்தாறு தகடாக வருவதைவிடப் புதியவர்களுக்கு நல்லது.

அந்த வகையில், முதல் கிட்டாக டைகரை எடுக்கச் சொன்ன கட்டுரையோடு எங்களால் ஒத்துப்போக முடியவில்லை. ஆரம்பகால டைகரில் பக்கத்துக்கு 8 அச்சு, அச்சுக்கு 3 சக்கரம், மொத்தம் 48. ஒவ்வொன்றையும் சட்டத்திலிருந்து வெட்டிய இரண்டு மூன்று வடுக்களை உப்புத்தாளால் தேய்த்தால் சுமார் நூறிலிருந்து நூற்றைம்பது வடு வரை வரும். டி-34இல் பக்கத்துக்கு 5 இரட்டைச் சக்கரம், அவ்வளவுதான். அகலம் 3 மீட்டர், 1/72இல் 42 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பலகைகள் சாய்வாகவும் எளிமையாகவும் இருக்கும். முதல் கிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. ஸ்வெஸ்தா கம்பெனியின் பசையில்லாமல் பொருத்தும் 1/72 வரிசையையும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம், பொருந்தும் மூட்டுகளில் மட்டும் துளி பசை விடுங்கள். பெட்டிக்கு மூன்று வண்டி தரும் பிளாஸ்டிக் சோல்ஜர் கம்பெனி கிட்கள் மேசைப் போர் விளையாட்டுக்காரர்களுக்கானவை. நுணுக்கம் குறைவு, ஆனால் உடையாது.

டைகர்தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விளிம்பில் ரப்பர் பட்டை இல்லாத எஃகுச் சக்கரங்கள் 1944 பிப்ரவரியிலிருந்து வந்தன. அந்த வண்டிகள் எல்லாம் சிமெரிட் பூச்சோடுதான் (காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசும் வரிவரியான பூச்சு) ஆலையை விட்டு வெளியே வந்தன. எஃகுச் சக்கரமும் வழுவழுப்பான பக்கச் சுவருமாக ஒரு கிட் இருந்தால், இரண்டு காலத்தை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்களே புட்டி தடவி வரிகள் இழுக்கத் தயாரில்லை என்றால் வாங்காதீர்கள்.

குழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 88 மி.மீ. பீரங்கியின் வாய் 1/72இல் 1.2 மி.மீ. புதிய அச்சுகளில் அது துளையோடே வருகிறது. இல்லையென்றால் நடுவில் ஊசியால் குத்தி, முதலில் 0.5, பிறகு 1 மி.மீ. துரப்பணத்தைக் கையாலேயே சுற்றுங்கள். நேரே 1 மி.மீ. வைத்தால் துளை ஓரத்துக்கு ஓடும். இரண்டு பாதியாக வரும் குழலைத் தேய்த்து உருண்டையாக்குவது வீண் பாடு, உலோகக் குழல் வாங்கிவிடலாம். பித்தளைத் தகட்டுப் பாகங்களில் டைகரின் பின்தளத்து நான்கு வலைகள் அவசியம். கருவிகளைப் பிடிக்கும் அரை மில்லிமீட்டர் கிளிப்புகளை விட்டுவிடுங்கள், பெயின்ட் அடித்தபின் யார் கண்ணுக்கும் தெரியாது. மட்கார்டு ஓரம் 0.5 மி.மீ. தடிமனாக இருந்தால் நிஜத்தில் அது 36 மி.மீ. கவசம் என்று ஆகிறது. உள்பக்கத்திலிருந்து விளிம்பை மட்டும் கத்தியால் சுரண்டி மெலிதாக்கினால் போதும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த கிட்டைப் பற்றி எழுதினாலும், பெட்டிப் படத்தோடு சட்டங்களின் படத்தையும் போடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். ட்ராக் எந்த வகை, சக்கரங்கள் எத்தனை, சட்டத்தில் பொறித்த வருடம் என்ன என்று மூன்று வரி கீழே கொடுங்கள்.

இப்படிக்கு,
சிறிய அளவு மாடல் கட்டும் வாசகர்கள்