கச்சான் காற்று எழும்புமுன் கரையில் ஒருவரை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் 18 வருடமாக என் தொழில். அதற்கு முன் அப்பாவோடு கரைவலை இழுத்தேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் போன ஆடியில் நடந்த ஒன்றும் ஆவணியில் நடந்த ஒன்றும் நெஞ்சைவிட்டு இறங்காமல் கிடக்கின்றன. அடுத்த கச்சான் பருவம் தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குமுன் சொல்லிவிட வேண்டும்.

புறாத்தீவைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இரண்டு தீவுகள், பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். 1963 இல் சரணாலயம் ஆனது. 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர். ஆனால் பெரிய தீவே சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான். மற்றதெல்லாம் தண்ணீர். பவளப்பாறையான முருகைக்கல்லும், செட்டை நுனி கறுத்த சுறாவும், ஆமையும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கின்றன. அதாவது இந்தப் பூங்காவைப் பார்க்க வருகிறவர் கடலில் இறங்காமல் பார்க்க முடியாது.

இனிக் கச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை எங்கள் பக்கம் கச்சான் காற்று. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து காய்ந்த தரையைக் கடந்து சூடேறி வரும். வாடைக்காலத்தில் கடல் பொங்கும், அப்போது ஒருவரும் இறங்கமாட்டார்கள். கச்சான் காலத்திலோ கடல் குளம்போலக் கிடக்கும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அலை எழும்பாது, இரைச்சல் இராது. மிதக்கிறவனை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு போகும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? தலையைத் தூக்கிப் பார்க்கும்போது தீவு தூரத்தில் நிற்கும்.

போன ஆடியில் மலையகத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஏழு பேர். பாட்டி முதல் கைக்குழந்தை வரை. காலையில் கொண்டுபோய் இறக்கினேன். அவர்களில் ஒரு பையனுக்கு 16 வயது இருக்கும். வாடகைக்கு எடுத்த கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வைத்திருந்தான். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினான். ஆனால் அங்கி போட்டால் அடியில் போய்ப் பார்க்க முடியவில்லை என்று கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டான். இது பிறகு தெரிந்தது. பதினொரு மணிக்குக் காற்று எழும்பியது. அந்தத் தாய் என்னிடம் ஓடிவந்தபோது அவர் கையில் மகனுடைய இரண்டு செருப்புகள் இருந்தன. அவற்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். "அண்ணா, பிள்ளையைக் காணவில்லை" என்றார். வேறு எதையும் அவரால் சொல்ல முடியவில்லை.

நானும் இன்னொரு படகுக்காரரும் தீவுக்குக் கிழக்கே ஓடினோம். தண்ணீரின் வெளிச்சத்தில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது தேடியவர்களுக்குத்தான் தெரியும். மிதக்கிற தேங்காய்கூடத் தலையாகத் தெரியும். இருபது நிமிடத்துக்குப் பிறகு கண்டோம். மல்லாந்து கிடந்தான், கைகள் மட்டும் அசைந்தன. எஞ்சினை நிறுத்தி இருவருமாக இழுத்துப் போட்டோம். வயிறு முழுக்க உப்புத் தண்ணீர். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கரைக்கு வந்ததும் 1990 என்ற அவசர இலக்கத்து அம்புலன்சில் ஏற்றினோம். பிழைத்துவிட்டான். மூன்றாம் நாள் அவனுடைய தகப்பன் தொலைபேசியில் பேசினார், அழுதார்.

அன்று அந்தப் பையனிடம் "உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆற்றில் கொஞ்சம் நீந்துவானாம். ஆற்று நீச்சலுக்கும் கச்சான் கடலுக்கும் உள்ள தூரத்தை நான் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். கடைசி ஆளையும் ஏற்றிவிட்டு எஞ்சினை இழுக்கும் அவசரத்தில் இருந்தேன்.

உத்தியோகத்தர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தீவில் கடமையில் நிற்பவர்கள் படும் பாட்டை நாள்தோறும் பார்க்கிறேன். அதே நாளில், அதே நேரத்தில், தீவின் இந்தப் பக்கம் ஒரு உத்தியோகத்தர் ஒரு பயணியின் பையிலிருந்த முருகைக்கல் துண்டை எடுத்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் செய்தது சரியான வேலை. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவிலிருந்து ஒரு துண்டு முருகைக்கல்லையும் எடுக்க முடியாது. செத்த கல்தானே என்று பயணி வாதாடினார். அந்த வாதம் முடியவே கால்மணி நேரம் ஆனது. ஆனால் தீவின் மறுபக்கத்தில் ஒரு பிள்ளை கடலுக்குள் போய்க்கொண்டிருந்தான். சட்டத்தைக் காக்கும் கண்ணும் உயிரைக் காக்கும் கண்ணும் ஒரே ஆளிடம் இருந்தால், அந்த ஆள் ஏதாவது ஒரு பக்கம்தானே பார்க்க முடியும்?

என் தங்கையின் மகன் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறான். இந்தக் கதையை அவனுக்குச் சொன்னபோது, கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்த அனுபவத்தைச் சொன்னான். அது மிகப் பெரிய பள்ளத்தாக்கு. காலையில் குளிரில் இறங்குவது எளிது. மதியம் 40 பாகைக்கு மேல் வெயிலில் ஏறி வருவதுதான் உயிரை வாங்கும். 1996 கோடையில் வெப்பம் சில உயிர்களை எடுத்த பிறகு, 1997 இல் அங்கே புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்களாம். பாதை தொடங்கும் இடத்திலும் வழியிலும் பூங்கா ஊழியர்களும் தொண்டர்களும் நிற்பார்கள். "எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள்? எதுவரை போகப் போகிறீர்கள்? என்ன சப்பாத்து?" என்று கேட்பார்கள். "மாமா, என்னையும் கேட்டார்கள். நான் பாதியில் திரும்பிவிட்டேன்" என்றான். இத்தனைக்கும் அங்கே மீட்புக்கு ஹெலிகொப்டரே நிற்கிறது. அப்படி இருந்தும், ஆள் விழுந்தபின் பறப்பதைவிட விழுமுன் பேசுவது மேல் என்று நினைத்திருக்கிறார்கள். ஹெலிகொப்டர் நம்மால் ஆகாது. கேட்பதற்கு என்ன செலவு?

ஆவணியில் நடந்தது தரையில். கும்புறுப்பிட்டிப் பக்கம் என் மைத்துனருக்குக் கொஞ்சம் காணி இருக்கிறது. பனையும் வடலியுமாக இருக்கும் காணி. அதை ஒட்டி வீரையும் பாலையும் சூரைப் பற்றையுமாகக் காடு தொடங்குகிறது. மாடு மேய்ப்பவர்கள் இளம்புல் வரட்டும் என்று வைத்த நெருப்போ, வீசிய பீடித் துண்டோ தெரியாது. நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதன் வைப்பதுதான். மின்னல் வரும்போது மழையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கச்சான் மாதத்தில் வானம் வெறுமையாகக் கிடக்கும், நெருப்பு எங்கிருந்து வரும்?

பின்னேரம் மூன்று மணிக்குப் புகை கண்டோம். காவோலை எரிவதை அருகில் பார்த்திருக்கிறீர்களா? பனையில் தொங்கும் காய்ந்த ஓலையில் நெருப்புப் பிடித்தால் சடசடவென்று வட்டுவரை ஏறும். பிறகு எரிகிற ஓலை கழன்று காற்றில் பறக்கும். இருபது முப்பது யார் தள்ளிப் போய் விழுந்து அங்கே புதிதாகப் பற்றும். முன்னால் நின்று அடிக்கிறவனுக்குப் பின்னால் தீ வந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் பச்சைக் கொப்புகளை முறித்துக்கொண்டு வந்து அடித்தார்கள். ஒருவர் உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கி கொண்டுவந்தார். பெண்கள் மணல் அள்ளிப் போட்டார்கள். தொலைபேசியில் கூப்பிட்டோம். ஓரிடத்தில் அது எங்கள் எல்லை அல்ல என்றார்கள். இன்னோரிடத்தில் காணி தனியாருடையதா என்று கேட்டார்கள். ஒதுக்குக்காடு ஒரு திணைக்களம், தேசியப் பூங்காவும் சரணாலயமும் வேறு திணைக்களம், அரச காணி பிரதேச செயலகம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நெருப்புக்கு அந்தப் பிரிவு தெரியாது. இரவு ஒன்பது மணிக்குக் காற்று விழுந்தது. அதனால்தான் தீயும் விழுந்தது, எங்களால் அல்ல.

மறுநாள் காலை சாம்பலுக்குள் நடந்து பார்த்தேன். ஒரு நட்சத்திர ஆமை. ஓட்டின் மஞ்சள் கோடுகள் ஒரு பக்கத்தில் அப்படியே இருந்தன. மறுபக்கம் கரிந்து வெடித்திருந்தது. வண்டிப் பாதையை அடைய இன்னும் நாலு முழம்தான் இருந்தது.

இதையும் மருமகனிடம் சொன்னேன். அங்கேயும் அப்படித்தான் மாமா என்றான். 2025 ஜூலை தொடக்கத்தில் அதே கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பில் மின்னலால் ஒரு தீ பிடித்தது. சுற்றிவளைத்துக் கட்டுப்படுத்தலாம் என்று இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் காற்று பலத்தது. பழைய பெயர்பெற்ற விடுதி எரிந்து போனது. அத்தனை விமானமும் ஆளும் உள்ள நாட்டிலேயே காற்று முந்திக்கொண்டது. பச்சைக் கொப்போடு நிற்கும் நாங்கள் காற்று வருமுன் அல்லவா முந்த வேண்டும்?

ஆகவே பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய வாகனமோ அல்ல. கச்சான் அடிக்கும் நான்கு மாதமும் படகு ஏறும் இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள். தமிழ், சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம் பேசத் தெரிந்த, கடல் தெரிந்த ஒருவர். எங்கள் ஊரிலேயே அப்படிப் பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். பையைச் சோதிப்பது அவருடைய வேலையாக இருக்கக்கூடாது. நீந்தத் தெரியுமா, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதும், தீவின் எந்தப் பக்கம் இறங்கலாம், எந்தப் பக்கம் கூடாது என்று சொல்வதும் மட்டுமே வேலை. காற்றுப் பலமானால் சிவப்புக் கொடி ஏற்றி எல்லாப் படகையும் மறிக்கும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுங்கள். என் படகையும் மறிக்கட்டும். ஒரு நாள் உழைப்புப் போனால் போகட்டும். நுழைவுக் கட்டணமாக வரும் பணத்தில் ஒரு சிறு பங்கு அவருடைய சம்பளத்துக்குப் போதும்.

தரையிலும் அப்படியே. காட்டை ஒட்டிய ஊர்களில் வைகாசிக்கு முன் காவோலை வெட்டி அகற்றவும், காட்டு ஓரத்தில் தீ தாண்டாதபடி ஒரு பாதையளவு செதுக்கிவிடவும் ஊராரைக் கூட்டுங்கள். மாடு மேய்ப்பவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்களும் எங்கள் ஆட்கள்தான், புல் இல்லாமல்தான் நெருப்பு வைக்கிறார்கள். வனசீவராசிகள் அவசர இலக்கம் 1992 என்பதும் அனர்த்தத்துக்கு 117 என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லை யாருடையதாக இருந்தாலும் முதலில் கூப்பிட்டவரிடம் "வருகிறோம்" என்று சொல்லக்கூடிய ஒருவரை, பெயரோடும் இலக்கத்தோடும், ஊர்ச் சந்தியில் மூன்று மொழியிலும் எழுதிப் போடுங்கள்.

ஆடிக்குப் பிறகு நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஏறுகிற ஒவ்வொருவரின் பெயர், வயது, நீந்தத் தெரியுமா இல்லையா, இறக்கிய நேரம், ஏற்றிய நேரம் எல்லாம் அதில் எழுதுகிறேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். எழுதாமல் எஞ்சினை இழுப்பதில்லை. இதைப் பற்றிப் பேச வைகாசிக்கு முன் ஒரு கூட்டம் கூட்டுவார்களானால், கொப்பியோடு வருகிறேன். எந்த நாள் என்றாலும் சரி, அன்று படகை இறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
படகோட்டி ஒருவன்,
நிலாவெளி, திருகோணமலை.