ஊட்டி ரயில் தரங்கம்பாடிக்கு எப்போது வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் பாதை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மறுபடியும் ரயில் விட வேண்டும் என்கிறீர்கள். நல்லது, யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் கடைசிப் பத்தியில், “1926-ல் தொடங்கி எண்பதுகள் வரை ஓடிய அந்த ரயிலின் சுவடுகூட இன்று இல்லை” என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவர் மயிலாடுதுறையிலிருந்து பொறையாறு பஸ்ஸில் ஒருமுறையாவது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாரா என்று தெரியவில்லை. வந்திருந்தால் தூங்கியிருக்க வேண்டும்.

கூடவே போட்ட படம் இன்னும் பிரமாதம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் பளிச்சென்று தெரிகிறது. அது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே மலை ஏறுகிற ஊட்டி ரயிலின் பாதை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தரங்கம்பாடி போகிற வழியில் மலை எங்கே இருக்கிறது என்று சொன்னால் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

நான் ஓய்வுபெற்ற நில அளவர். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். வேலை நடந்த காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சங்கிலி பிடித்து நடந்தவன். ரயில் நின்றுபோனதும் அதே எண்பதுகளில்தான். கிராம வரைபடத்தைப் பிரித்தால் ரயில் போன தடம் கண்ணில் படும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மற்ற புலங்கள் எல்லாம் வாய்க்கால் வளைந்தபடி வளைந்தும் வரப்பு ஒடிந்தபடி ஒடிந்தும் கிடக்கும். இது மட்டும் ஒரே அகலத்தில், நாடாவை விரித்துப் போட்டதுபோல, ஒரு கிராமத்து எல்லையில் முடிந்து அடுத்த கிராமத்தில் தொடங்கிப் போய்க்கொண்டே இருக்கும். கிராமத்துப் புலங்களைப் பட்டியலிடும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் எதிரே ரயில்வே புறம்போக்கு என்று இருக்கும். தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள், சரி. புல எண்ணை யாரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

தரையிலும் அப்படித்தான். டெல்டாவில் எந்தப் பாதை போட்டாலும் கூப்பிடு தூரத்துக்கு ஒரு வாய்க்கால் குறுக்கே வரும், பாலம் கட்டித்தான் ஆக வேண்டும். பாதையை எடுத்தவர்கள் மேலே கிடந்த இரும்பைத்தான் எடுத்தார்கள். இரு கரையிலும் நிற்கிற கட்டுமானத்தை உடைத்து அள்ள எந்தக் கான்ட்ராக்டருக்குக் கட்டுப்படியாகும்? ஆக்கூர், திருக்கடையூர் பக்கம் சீமைக்கருவைக்குள் கொஞ்சம் தலையை நுழைத்துப் பாருங்கள். வயலுக்கு நடுவே காரணமில்லாமல் நீளமாக ஒரு மண்மேடு ஓடும், மேலே ஆடு மேயும். ஓரத்தில் காலால் கிளறினால் கருங்கல் ஜல்லி வரும். வண்டல் மண்ணில் ஜல்லி எப்படி விளைந்தது என்று ஆடு மேய்க்கிற அம்மாவைக் கேட்டாலே சொல்லிவிடுவார். கட்டுரையாளர் அவரைக் கேட்கவில்லை போலும். எனக்குத் தெரிந்த ஒரு டீக்கடையில் பெஞ்சாகக் கிடப்பது தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டை. ஆணி இறங்கிய ஓட்டை அப்படியே இருக்கிறது, அதில்தான் பீடியை அணைக்கிறார்கள்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். மயிலாடுதுறைக்கு வெளியே, முன்பு ரயில்வே கேட் இருந்த ஓர் இடத்தில், தண்டவாளத் துண்டுகளைச் செங்குத்தாக நட்டு வேலி அடைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் போய், ஒன்றே ஒன்று சாய்ந்தபடி நிற்கிறது. அதன் நடுப்பட்டையைத் தேங்காய் நார் கொண்டு தேய்த்துப் பார்த்தேன். ‘பாரோ ஸ்டீல்’ என்று புடைப்பாக ஆங்கில எழுத்து. பக்கத்தில் 188 வரை தெளிவாக இருக்கிறது, கடைசி இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது. பாரோ என்பது இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்து ஊர். அங்கிருந்த உருக்காலையில் உருட்டிக் கப்பலேற்றிய தண்டவாளம் இன்று நம் ஊரில் மாடு கட்டப் பயன்படுகிறது. 1926-ல் திறந்த பாதைக்குப் பக்கத்தில் 1880களின் இரும்பு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பெரிய பாதையில் தேய்ந்ததைக் கழற்றிக் கிளைப் பாதைக்குப் போடுவதும், அங்கேயும் தேய்ந்தால் வேலிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் அனுப்புவதும் ரயில்வேக்காரர்களின் பழைய சிக்கனம். இந்தத் துண்டு எந்தெந்த ஊர் ரயிலைச் சுமந்துவிட்டு இங்கே வந்து நின்றதோ. சுவடு இல்லையாம்!

தங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்டாவில் மீட்டர்கேஜ் என்ற குறுகிய பாதையை மாற்றியபோது, எங்கள் பக்கம் “முதன்முறையாக அகலப்பாதை” வருகிறது என்று எட்டுப் பத்தித் தலைப்புப் போட்டீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும், திருச்சிக்கு 1862-லும் கிரேட் சதர்ன் ரயில் கம்பெனி போட்டதே அகலப்பாதைதான். அதை 1870களில் மீட்டர்கேஜாகக் குறுக்கி, நூற்றாண்டு கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். அப்போதே கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. பாதிரியார் ஜெபம் செய்த மாதா கோயில் இடிபாட்டுக்குக் கீழே “தனுஷ்கோடி ரயில் நிலையம்” என்று போட்டதற்கும் எழுதினேன். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போன உயிர்களுக்கு, சரியான இடத்தின் படத்தைப் போடுகிற மரியாதையாவது வேண்டாமா? ரயில் நிலையத்தின் மிச்சம் கொஞ்சம் தள்ளித்தானே கிடக்கிறது. பாம்பனில் 2025-ல் புதுப் பாலம் திறந்த அன்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். 1914 முதல் நின்ற பழைய பாலம், கப்பலுக்கு வழிவிட அதன் நடுவில் ஆட்கள் கையால் சுற்றித் தூக்கிய இரண்டு இலைகள், இவற்றுக்கு ஒரு மூலைப் பத்தி. அதிலும் பாதி விளம்பரம்.

இதையெல்லாம் கிழவனின் பொழுதுபோக்கு என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆனால் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் செலவில் ரயில் விட்ட மாவட்டம் இது. நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்று தனி வரி வசூலித்து, 1894-ல் மாயவரம் என்ற இந்த மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டார்கள். எங்கள் முப்பாட்டன் கட்டிய வரி அதில் இருக்கிறது. மன்னார்குடிக்கு 1976-ல் நின்ற ரயில் 2011-ல் திரும்ப வந்தது. பேரளம் – காரைக்கால் பாதையில் 1898-ல் ஓடத் தொடங்கிய ரயில் எண்பதுகளில் நின்றது. இப்போது பெரும்பாலும் பழைய தடத்திலேயே அகலப்பாதை போட்டிருக்கிறார்கள். மண்மேடும் எல்லைக்கல்லும் காகிதமும் இருந்ததால்தான் அது முடிந்தது. “சுவடுகூட இல்லை” என்று ஒரு நாளேடு அச்சடித்தால் அதை யார் கத்தரித்துப் பத்திரப்படுத்துவார்கள் தெரியுமா? அந்தப் புறம்போக்கில் காம்பவுண்ட் சுவர் எழுப்பியவர்கள்தான். நாளைக்கு வழக்கு வந்தால் தங்கள் ஞாயிறு இணைப்பு அவர்கள் பக்கத்து ஆவணமாக வந்து நிற்கும்.

அந்தத் தண்டவாளக் கம்பத்தை எடுத்துப் பத்திரமாக வையுங்கள் என்று நான் மனு கொடுக்காமல் இல்லை. ஓர் அலுவலகத்தில், அது எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். அளந்து காட்டினேன், அதுதானே என் தொழில். உடனே அடுத்த மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் மனுவை முழுவதும் படித்துவிட்டு, “சார், உங்களுக்கு அந்த இரும்பு விலைக்கு வேணுமா?” என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பத்திரிகையே இல்லை என்று எழுதுகிற பொருளை அவர் எந்தக் கோப்பில் சேர்ப்பார்? திருச்சியில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் 2004-ல் நின்றதை நினைத்து அழுகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாயவரத்துத் துருவுக்குத்தான் ஆள் இல்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, அடுத்த ஞாயிறு இணைப்பில் நான்கு வரியில் ஒரு திருத்தம். இரண்டு, அந்த இடத்தில் சாக்கடை வேலைக்குக் கோடு கிழித்துவிட்டார்கள். கம்பம் காயலான் கடைக்குப் போவதற்குள் தங்கள் மயிலாடுதுறை நிருபர் வந்து ஒரு படம் எடுக்க வேண்டும். இடத்தை நான் காட்டுகிறேன். காலை எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்து படிக்க வரும், உச்சி ஏறிவிட்டால் வெறும் இரும்பாகத்தான் தெரியும். மாட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நில அளவர்,
மயிலாடுதுறை.