நடுவில் இருக்கும் சனிக்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புனித வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நாளிதழ்களில் கட்டுரைகள் வருகின்றன. நடுவில் இருக்கும் சனிக்கிழமையை மட்டும் யாரும் தொடுவதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

நற்செய்தி நூல்களும் அந்த நாளைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது சரிதான். இயேசுவின் கல்லறைக்கு முத்திரை வைத்துக் காவல் போட்டதை மத்தேயு சொல்கிறார். லூக்காவோ, இயேசுவோடு வந்த பெண்கள் அவர் உடலுக்குப் பூச நறுமணத் தைலங்களைத் தயார் செய்து வைத்துவிட்டு, வேலை எதுவும் செய்யக் கூடாத யூதர்களின் ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அந்த ஒரு வரியை என்னால் கடந்து போக முடிவதில்லை. தைலம் கையருகே இருக்கிறது. கல்லறை எங்கே என்றும் தெரியும். ஆனாலும் போக முடியாது, விடியும்வரை காத்திருக்க வேண்டும். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், அவருடைய மூக்குக்கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் அந்தப் பெண்கள் எனக்கு நெருக்கமானார்கள்.

ஆதித் திருச்சபை இந்த நாளை உபவாசத்தோடு அனுசரித்தது. 4-ஆம் நூற்றாண்டில் அன்றிரவு விழித்திருந்து, வேதம் வாசித்து, புதிதாக வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்புறம், திருச்சபையின் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்று சொல்கிறோமே, அதையும் பலர் இந்த நாளோடுதான் இணைத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்த ஆண்டாவது அந்தச் சனிக்கிழமை இதழில் ஒரு சின்னப் பத்தி போடுங்கள். துக்க வீட்டில் இருப்பவர்கள் நிச்சயம் வாசிப்பார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்